கூரையில் சந்தேகம் வந்தால் அறிக்கையில் என்ன எழுதுவது?

டெக்சாஸில் டாலஸை ஒட்டிய ஒரு புறநகர் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கடனுக்காக மதிப்பிடப் போயிருக்கிறீர்கள். வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால் மேற்குச் சரிவில் நாலைந்து ஷிங்கிள்களைக் காணோம். மழைநீர்க் குழாய் கொட்டும் இடத்தில் கருமணல் போலத் துகள் குவிந்திருக்கிறது. மாடி அறையின் சீலிங்கில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பழுப்புக் கறை. அது பழைய கறை, எப்போதோ சரிசெய்தாயிற்று என்கிறார் வீட்டுக்காரர்.

புதிய மதிப்பீட்டாளர்கள் இந்த இடத்தில் இரண்டு விதமாகச் சறுக்குகிறார்கள். ஒருவர் ‘கூரை சுமார்’ என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறார். இன்னொருவர் ‘ஆலங்கட்டி மழையில் கூரை பாழ், முழுவதும் மாற்ற வேண்டும்’ என்று தீர்ப்பே எழுதிவிடுகிறார். முதலாமவரின் அறிக்கையை நம்பி ஒரு குடும்பம் 30 வருடக் கடனில் கையெழுத்துப் போடுகிறது. இரண்டாமவரின் ஒரு வரியால் விற்பனையே முறிந்துபோகலாம். அதன்பிறகு கூரைக்காரர் ஏறிப் பார்த்து, ஐந்து ஷிங்கிள் மாற்றினால் போதும் என்றால் அந்த அறிக்கையின் மற்ற வரிகளை யார் நம்புவார்கள்?

கண்டது, கேட்டது, ஊகித்தது: இந்த மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கலக்காதீர்கள். நான் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். கண்டதை முழுதாக எழுதுங்கள். கேட்டதை யார் சொன்னார் என்று குறித்து எழுதுங்கள். ஊகித்ததை, அதைச் சொல்லும் தகுதி உள்ளவரிடம் கேள்வியாக அனுப்புங்கள்.

அதற்கு முதலில் ஒழுங்காகப் பார்க்க வேண்டும். ஏணி போட்டுக் கூரைமேல் ஏறுவது மதிப்பீட்டாளரின் கடமை இல்லை. ஆனால் வீட்டை நான்கு பக்கமும் சுற்றிவர வேண்டும், தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று கேமராவை ஜூம் செய்து படமெடுக்க வேண்டும். டிரோன் பறக்கவிடுவதாக இருந்தால், தொழிலுக்காகப் பறக்கவிடுவோர் விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் பகுதி 107 சான்று வைத்திருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். ஆலங்கட்டியின் தடயத்தை ஷிங்கிளைவிட மெல்லிய உலோகம் எளிதாகக் காட்டிக்கொடுக்கும். கூரையிலுள்ள காற்றுப்போக்கி மூடிகள், மழைநீர்க் கட்டர் ஆகியவற்றில் குழி விழுந்திருக்கிறதா பாருங்கள். காற்றில் தூக்கிய ஷிங்கிளில் குறுக்கே மடிப்புக் கோடு தெரியும். புகைபோக்கியைச் சுற்றிய ஃபிளாஷிங் தகடும், கழிவுக் காற்றுக்குழாயைச் சுற்றிய ரப்பர் வளையமும் ஒழுகலுக்குப் பேர்போன இடங்கள்.

பிறகு அட்டிக், அதாவது கூரைக்கும் சீலிங்குக்கும் இடைப்பட்ட வெளி. பலர் இங்கேதான் சோம்பல்படுகிறார்கள். எனக்கோ, வெளிச்சரிவைவிட அட்டிக்கின் அடிப்பலகையே அதிகம் பேசுகிறது என்று தோன்றுகிறது. பலகையில் கருத்த நீர்த்தடம், துருப்பிடித்த ஆணிமுனை, ஈரத்தில் அமுங்கிப்போன இன்சுலேஷன், எங்காவது ஊசியாக நுழையும் பகல் வெளிச்சம் ஆகியவற்றைத் தேடுங்கள். எஃப்.எச்.ஏ. (அமெரிக்க மத்திய வீட்டுவசதி நிர்வாகம்) காப்பீடு செய்யும் கடனுக்கான மதிப்பீடு என்றால், உள்ளே நுழைய முடியாத அளவுக்கு வாய் குறுகலாக இருந்தாலும் தலையையும் தோளையுமாவது உள்ளே விட்டுப் பார்த்தாக வேண்டும்.

கறையைக் கண்டதும் ‘கூரை ஒழுகுகிறது’ என்று எழுத வேண்டாம். அட்டிக்கில் வைத்த ஏசியின் தண்ணீர்த் தட்டு நிரம்பி வழிந்தாலும் சீலிங்கில் அதே பழுப்பு வட்டம்தான் விழும். மேல்மாடிக் குளியலறைக் குழாய் கசிந்தாலும் அப்படித்தான். தொட்டுப் பார்த்தால் காய்ந்திருக்கிறது என்பதும் ஒன்றையும் நிரூபிக்காது. இரண்டு வாரமாக மழை இல்லாமல் இருந்திருக்கலாம்.

அறிக்கையில் என்ன எழுதலாம்? நீங்கள் எழுதப்போவது ஆங்கிலத்தில்தான், ஆனாலும் அதன் பொருள் இப்படி இருக்கட்டும்: ‘மேற்குச் சரிவில் ஐந்து ஷிங்கிள்கள் இல்லை, தரையிலிருந்து பார்த்தது, படம் 14. மாடியின் வடமேற்குப் படுக்கையறை சீலிங்கில் சுமார் 10 அங்குல அகலக் கறை, படம் 15. பார்த்த நேரத்தில் தொட்டால் ஈரமில்லை. சரிசெய்யப்பட்டுவிட்டதாக உரிமையாளர் கூறினார், ரசீது தரப்படவில்லை. பின்பக்கச் சரிவு மரங்களால் மறைந்திருந்ததால் பார்க்க இயலவில்லை. கறையின் காரணத்தையும் சேதத்தின் அளவையும் கண்டறிவது இந்த மதிப்பீட்டாளரின் தகுதிக்கு அப்பாற்பட்டது. தகுதியுள்ள கூரைத் தொழிலாளரின் ஆய்வு தேவை.’ பார்க்காததையும் எழுதியிருக்கிறோம், கவனியுங்கள். அந்த வரியை விட்டுவிட்டால் பின்பக்கமும் நன்றாக இருந்தது என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

அடுத்தது, மதிப்பை எந்த அடிப்படையில் சொல்வது என்ற கேள்வி. வழக்கமான 1004 படிவத்தில் இதற்கென்றே கட்டங்கள் உண்டு. கூரையில் தெரிவது சிறிய தேய்மானம், வீட்டின் பாதுகாப்பையோ கட்டுமான உறுதியையோ அது தொடவில்லை என்றால் ‘ஆஸ் இஸ்’, அதாவது இருக்கும் நிலையிலேயே மதிப்பிடலாம். அப்போதும் குறையை விவரித்து, வீட்டுக்குத் தரும் நிலைக்குறியீட்டிலும் அதைக் காட்ட வேண்டும். பழுது கண்கூடாகத் தெரிகிறது, செய்தே தீர வேண்டும் என்றால், அது செய்து முடிந்ததாகக் கற்பித்துக்கொண்டு மதிப்பிடும் கட்டம். உண்மைக்கு மாறானது என்று தெரிந்தே வைக்கும் கற்பனை என்பதால் இதற்கு ‘ஹைப்பதெட்டிகல் கண்டிஷன்’ என்று பெயர். பழுது இருக்கிறதா என்பதே தெரியவில்லை என்றால், ஆய்வுக்கு உட்பட்டது என்ற கட்டம். பழுது தேவைப்படாது என்று ‘எக்ஸ்ட்ராஆர்டினரி அசம்ஷன்’ எடுத்துக்கொள்கிறோம். ஆய்வில் அது பொய்த்தால் மதிப்பும் மாறலாம். நம் டாலஸ் வீட்டுக்கு இந்த மூன்றாவது கட்டமே பொருந்தும். காணாமல்போன ஐந்து ஷிங்கிள் உறுதி. அவற்றுக்கு அடியில் என்ன நடந்திருக்கிறது என்பது உறுதியில்லை.

எஃப்.எச்.ஏ. கையேடு 4000.1 இதில் இன்னும் கறாரானது. கூரைக்கு மீதமுள்ள ஆயுள் இரண்டு வருடத்துக்குக் குறைவு என்றால் அதை அறிக்கையில் சொல்லி, கூரைத் தொழில்காரரின் ஆய்வுக்கு உட்பட்டதாக மதிப்பிட வேண்டும். பனி மூடியோ வேறு காரணத்தாலோ கூரை தெரியாவிட்டால், ஏன் தெரியவில்லை என்பதோடு, கூரையின் அடிப்பக்கம், அட்டிக், சீலிங் ஆகியவற்றில் கண்டதையும் எழுத வேண்டும். வங்கிகளிடமிருந்து வீட்டுக்கடன்களை வாங்கும் ஃபேனி மே நிறுவனத்துக்குப் போகும் கடன்களில், பாதுகாப்பையோ உறுதியையோ பாதிக்கும் அளவு சேதமான வீட்டுக்கு சி6 குறியீடு. அந்தக் குறை சரிசெய்யப்படும்வரை அதன்மீதான கடனை அவர்கள் வாங்க மாட்டார்கள். ஆகவே இந்த எழுத்தைப் பயத்திலும் போடக்கூடாது, தயவு பார்த்துத் தவிர்க்கவும் கூடாது.

மதிப்பைக் கணக்கிடும்போது ஒரு நுணுக்கம். பெரிய ஆலங்கட்டிப் புயல் அடித்த பகுதியில் காப்பீட்டுப் பணத்தில் தெருவே கூரை மாற்றியிருக்கும். நீங்கள் ஒப்பிட எடுத்த மூன்று வீடுகளுக்கும் புதுக்கூரை இருந்து, உங்கள் வீட்டுக்கு மட்டும் பழையது என்றால், அந்த வித்தியாசம் சரிக்கட்டலில் தெரிய வேண்டும். ஒப்பீட்டு வீடுகளின் விற்பனைப் படங்களில் கூரையையும் பாருங்கள். கூரை மாற்றும் செலவை அப்படியே மதிப்பிலிருந்து கழிப்பதும் தவறு. அந்தச் சந்தையில் வாங்குகிறவர் உண்மையில் எவ்வளவு குறைத்துக் கொடுக்கிறார் என்பதே கணக்கு. செலவுத் தொகையைக் குறிப்பிட்டால் அது யார் தந்த மதிப்பு என்று எழுதுங்கள்.

வாசலில் நிற்கும்போது வாய்க்குப் பூட்டு வேண்டும். உங்களை அமர்த்தியது கடன் கொடுப்பவர். வாங்கப்போகிறவர் ஆவலோடு ‘கூரை எப்படி?’ என்று கேட்டால், அங்கேயே அபிப்பிராயம் சொல்ல உங்களுக்கு அனுமதியில்லை. அவரைக் கைவிட்டதாக நினைத்து வருந்த வேண்டாம். அறிக்கையின் நகலைக் கடன் கொடுப்பவர் அவருக்குத் தந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். நீங்கள் எழுதியதை அவரும் படிப்பார். அவருக்குப் புரியும்படி எழுதுவதே நீங்கள் அவருக்குச் செய்யக்கூடிய உதவி. மதிப்பீடு வேறு, வீட்டு ஆய்வு வேறு, தனியாக ஒரு ஆய்வாளரை அமர்த்திக்கொள்ளுங்கள் என்று மட்டும் தயங்காமல் சொல்லலாம்.

அறிக்கை போன பிறகு ஒரு மின்னஞ்சல் வரக்கூடும்: கூரை பற்றிய வரியை நீக்கித் தர முடியுமா? முடியாது என்று மரியாதையாக எழுதுங்கள். மதிப்பீட்டாளரின் முடிவில் குறுக்கிடுவதை 2010-ன் டாட்-ஃபிராங்க் சட்டம் தடுக்கிறது. கூரைக்காரரின் சான்று புதிதாக வந்தால் அதை வாங்கிப் படித்து, தேதியோடு அறிக்கையில் சேருங்கள். முடிவை மாற்ற வேண்டியிருந்தால் மாற்றுங்கள். முன்பு கண்டதாக எழுதிய வரி அப்படியே இருக்கட்டும். அந்த மின்னஞ்சல், உங்கள் பதில், அறிக்கையில் சேர்க்காமல் விட்ட படங்கள் எல்லாவற்றையும் வேலைக்கோப்பில் போட்டு வையுங்கள். மதிப்பீட்டாளர்களின் தொழில்நெறித் தொகுப்பான யூஸ்பாப்பின் விதிப்படி கோப்பைக் குறைந்தது ஐந்து வருடம் காக்க வேண்டும். வழக்கில் சாட்சி சொல்ல நேர்ந்திருந்தால், அது முடிந்தபின் இரண்டு வருடம் வரை. இரண்டில் எது நீளமோ அது.