சீல் கிட் மாற்றினால் பழைய ரேக் புதுசாகிவிடுமா?

"சீல் கிட்டு மாத்துனா போரும் அண்ணாச்சி, ரேக்கு புதுசு கணக்கா ஆயிரும்."

பழைய காண்டெஸா வைத்திருக்கும் ஒருவர் என் பட்டறைக்கு வந்தால் பத்து நிமிடத்துக்குள் இதைச் சொல்லிவிடுகிறார். யாரோ சொன்னதாம். ஆகாது என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

1984 முதல் 2002 வரை இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த கார் அது. பவர் ஸ்டீயரிங்கோடு வந்த வண்டிகளுக்கு, ஸ்டீயரிங்கின் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் ரேக்கைப் புதிதாகத் தேடி அலைவது பெரும்பாடு. அதனால் ஆக்கர் கடையில் கிடக்கும் வண்டியிலிருந்து கழற்றிப் போடுகிறார்கள். அதில் தப்பில்லை, நானும் போட்டிருக்கிறேன். கழற்றியது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்காமல், சீல் கிட் ஒன்றே அதைக் காப்பாற்றிவிடும் என்று நம்புவதுதான் தப்பு.

சீல் என்பது ரப்பர் உதடு, அவ்வளவுதான். அது உட்கார்ந்து உரசுவது ரேக்குக்குள் இருக்கும் மெருகேற்றிய எஃகுத் தண்டின் மேல். டயரில் 30 பவுண்டு காற்று அடிக்கிறோம். ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாகக் கடைசிவரை ஒடிக்கும்போது பம்பின் அழுத்தம் 1,000 பவுண்டைத் தாண்டும். அத்தனை அழுத்தத்தையும் அடைத்து நிற்பது அந்த மெல்லிய உதடும் தண்டின் வழவழப்பும் சேர்ந்துதான். தண்டில் ஊசி முனை அளவு குழி விழுந்திருந்தாலும் போதும், ஒவ்வொரு திருப்பத்திலும் அது அரம்போல ரப்பரை அறுக்கும். நீங்கள் புது சீல் போட்டால் புது சீலை அறுக்கும்.

நம் ஊரில் இந்தக் குழி எப்படி விழுகிறது என்று கடலோரத்து வட்டக்கோட்டைப் பக்கம் வந்து பாருங்கள். கோட்டை கருங்கல், உப்புக்காற்றைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. எஃகு தாங்காது. அங்கே வெட்டவெளியில் பல வருடம் கிடந்த ஒரு காண்டெஸாவின் ரேக்கைக் கழற்றி ஒருவர் என்னிடம் கொண்டுவந்தார். சக்கரத்தை ஒரு பக்கம் ஒடித்தபடியே வண்டியை விட்டிருக்கிறார்கள். தண்டின் பாதி வெளியே நீண்டு நின்றிருக்கிறது. அதை மூடியிருந்த ரப்பர் பூட் கிழிந்து, உள்ளே உப்பீரம் தங்கிவிட்டது. ஆயிலுக்குள் இருந்த பாதி கண்ணாடிபோல் மின்னியது, வெளியே நின்ற பாதியில் அம்மைத் தழும்பு.

எமரித் தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, சீல் மாற்றி ஓட்டினார். மூன்றாவது வாரம் ஆயில் சொட்டத் தொடங்கியது. எமரித் தாள் துருவை எடுக்கும், குழியை எடுக்காது. குழி போகும்வரை தேய்த்தால் தண்டு மெலிந்து, சீல் பிடிமானத்தை இழக்கும். இதை அவரிடம் முதல் நாளே சொல்லியிருந்தேன்!

விபத்தில் சிக்கிய வண்டியின் ரேக் என்றால் இன்னும் மோசம். தண்டைத் தனியே எடுத்துக் கண்ணாடிப் பலகைமேல் உருட்டிப் பாருங்கள். துள்ளினால் வளைந்திருக்கிறது. சூடு காட்டித் தட்டி நிமிர்த்தித் தருகிறேன் என்பவரிடம் உங்கள் உயிரைக் கொடுக்காதீர்கள்.

மற்ற நம்பிக்கைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆயில் குறைந்தால் பிரேக் ஆயில் ஊற்றலாமா? கூடாது. அது கிளைக்கால் வகைத் திரவம். பவர் ஸ்டீயரிங்கின் சீல்கள் கனிம எண்ணெய்க்காகச் செய்தவை, பிரேக் ஆயில் பட்டால் உப்பிக் கெடும். பம்பு நின்றால் வண்டி திரும்பவே திரும்பாதா? திரும்பும், கைக்குக் கனமாக இருக்கும். எந்தக் காரின் பம்பும் எந்த ரேக்குக்கும் ஒத்துவருமா? வராது, அழுத்தமும் ஆயில் ஓட்டமும் வண்டிக்கு வண்டி வேறு. பழைய ஹோஸ் பார்க்க நன்றாக இருந்தால் போடலாமா? வேண்டவே வேண்டாம். ரப்பர் உள்ளிருந்துதான் உளுக்கும். ஹோஸ், பூட், சீல், டை ராடு எண்டு நான்கையும் புதிதாக வாங்குங்கள். புல்லி, பிராக்கெட், விரிசல் இல்லாத வார்ப்பு உடல் ஆகியவற்றைப் பழைய வண்டியிலிருந்து தாராளமாக எடுக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அம்பாசிடர் வைத்திருப்பவர்களும் இப்போது "ஸ்டீயரிங் கல்லு மாதிரி இருக்கு, பவர் ஸ்டீயரிங் ஏத்தித் தாங்க" என்று வருகிறார்கள். அவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, கடைசியாக எப்போது கிரீஸ் அடித்தீர்கள் என்பது. பதில் வராது. முன்சக்கர மூட்டுகளின் கிரீஸ் நிப்பிள்கள் மண் மூடிக் கிடக்கும், டயரில் காற்று பாதிதான் இருக்கும். நிப்பிளைத் துடைத்து கிரீஸ் அடித்து, காற்றையும் சரிபார்த்து அனுப்பினால் பாதிப் பேர் பவர் ஸ்டீயரிங் பேச்சையே மறந்துவிடுகிறார்கள். தயவுசெய்து மாதம் ஒருமுறை கிரீஸ் அடியுங்கள்.

ரேக் வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், காசு கொடுப்பதற்கு முன் பூட்டை விலக்கி, தண்டை முழுவதும் வெளியே இழுத்து, விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் எங்காவது சிக்கினால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.