அப்பப்பாவின் வீட்டைக் கண்டுபிடிக்க அவருடைய தங்கையின் பெயர் வேண்டும்

நான் கோலாலம்பூரில் பிறந்து வளர்ந்தவன். அப்பப்பா சுன்னாகத்தார். மலாயா ரயில்வேயில் வேலைக்கென்று யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறிய அந்தக் காலத்து இளைஞர்களில் ஒருவர். அவர் பிறந்த வீட்டைத் தேடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். எங்களைப் போல வேர் தேடிப் போகிறவர்களுக்குப் பயன்படும் என்று, அங்கே கற்றதை எழுதுகிறேன்.

பெண்களின் பெயரோடு போங்கள்

யாழ்ப்பாணத்தில் பரம்பரை பரம்பரையாக வரும் குடும்பப் பெயர் கிடையாது. அப்பாவின் பெயர்தான் முன்னால் நிற்கும், அதுவும் அடுத்த தலைமுறையில் மாறிவிடும். வீடோ பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாகப் போகும். ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் தொகுத்த தேசவழமைச் சட்டம், பரம்பரையாக வந்த முதுசம், மகளுக்குக் கொடுக்கும் சீதனம், மணவாழ்வில் ஈட்டிய தேடிய தேட்டம் என்று சொத்தைப் பிரிக்கிறது. ஆகவே கப்பலேறிய ஆண்பிள்ளையின் பெயரில் வீட்டைத் தேடினால் கிடைப்பது அரிது. கோயில் வீதியில் சந்தித்த வயதான அம்மா ஒருவர் என்னிடம் கேட்டது இதுதான்: "தம்பி, உங்கடை அப்பப்பாவை எனக்குத் தெரியாது. அவற்றை தங்கச்சிமார் ஆர்? ஆரைக் கலியாணம் முடிச்சவை?" கடைசித் தங்கையின் பெயரையும் அவர் கணவரின் பெயரையும் சொன்னேன். அரை மணி நேரத்தில் ஒழுங்கையைக் காட்டிவிட்டார்.

கல்வெட்டும் உறுதியும்

இறந்தவரின் அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சிட்டுக் கொடுக்கும் நினைவு மலரை ஊரில் கல்வெட்டு என்பார்கள். பலவற்றில் வம்சாவளி விரிவாக இருக்கும்: யார் யாரை மணந்தார், எந்த ஊரில் குடியிருந்தார் என்றெல்லாம். உறவினர் வீட்டு அலுமாரிகளில் கேட்டுப் பாருங்கள். 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணைய நூலகத்திலும் இத்தகைய மலர்கள் ஏராளம்.

காணி உறுதியின் பிரதி இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஒவ்வொரு காணிக்கும் ஒரு பெயர் உண்டு. எத்தனை பரப்பு, கிணற்றில் என்ன பங்கு, நாலெல்லையில் யாருடைய காணி என்று எல்லாம் எழுதியிருக்கும். எங்கள் உறுதியில் தெற்கெல்லை 'இன்னார் மனைவி இன்னாருடைய காணி' என்று ஒரு பெண்ணின் பெயரில்தான் இருந்தது. வீதிப் பெயர் தெரியாத முதியவர்களும் காணிப் பெயரைச் சொன்னால் கைகாட்டுகிறார்கள்.

யாரிடம் கேட்பது?

கிராம சேவையாளரிடம் போகலாம். மூத்தவர்களுக்கு அவர் இன்றும் 'விதானையார்'தான். அதைவிடக் கோயில் நல்ல இடம். திருவிழா உபயங்கள் தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்களின் கையில் இருப்பதால், எந்தத் திருவிழா எந்தப் பகுதியாருடையது என்று ஐயருக்கும் தர்மகர்த்தாவுக்கும் தெரியும். சுன்னாகச் சந்தையில் பல காலமாகக் கடை வைத்திருப்பவர்களையும் விட்டுவிடாதீர்கள்.

படலையில் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். பத்தாண்டுகள் எதிர்ப்பின்றிக் காணியை ஆண்டவர் அதற்கு உரிமை கோர 1871ஆம் ஆண்டின் சட்டம் இடம் தருகிறது. போரில் ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் எத்தனையோ வீடுகளில் இருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து ஒருவர் கமராவோடு படலையில் நின்றால், காணியைத் திருப்பிக் கேட்க வந்தாரோ என்று அவர்கள் நெஞ்சு பதறாதா? நான் செருப்பைக் கழற்றும் முன்பே சொன்னேன்: "காணி கேட்டு வரேல்லை அக்கா. அப்பப்பா பிறந்த இடத்தைப் பாத்திட்டுப் போகத்தான் வந்தனான்." படலை திறந்தது. தேத்தண்ணியும் வந்தது.

நாற்சார் வீட்டில் இரண்டு பக்கம்தான் மிச்சம். பின்பக்கம் தகரம் போட்டிருந்தார்கள். கிணற்றடியில் துலாக் கால்கள் நின்றன. தண்ணீர் இறைப்பது மோட்டார். அந்தக் குடும்பம் 1990இல் மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து வந்தது. 2017இல் மயிலிட்டித் துறைமுகப் பகுதியை இராணுவம் விடுவித்தபோது அந்த அக்கா தன் வீட்டைப் பார்க்கப் போயிருக்கிறார். அத்திவாரம் மட்டும் இருந்ததாம். எனக்காவது பார்க்கச் சுவர் இருந்தது. எங்கள் வீட்டை இடியாமல் காத்தவர் தன் வீட்டை இழந்தவர் என்று தெரிந்தபின், உரிமை என்ற நினைப்பே எனக்கு எழவில்லை, நன்றிதான் எழுந்தது.

கொண்டுபோக வேண்டியவை

பழைய குடும்பப் படங்களின் பிரதிகளை எடுத்துப் போங்கள். ஒன்றை அந்த வீட்டிலேயே கொடுத்துவிடுங்கள். உள்ளே போகவும் படம் பிடிக்கவும் முதலில் கேளுங்கள். காசை நீட்டாதீர்கள், பழமும் பிள்ளைகளுக்கு ஏதேனும் பண்டமும் போதும். பேச்சைப் பதிவு செய்ய அனுமதி கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

பயணச்சீட்டை அடுத்த வருடமும் வாங்கலாம். பெரியவர்களின் ஞாபகம் அதுவரை காத்திருக்கும் என்று சொல்ல முடியாது. உங்கள் குடும்பத்தின் மூத்தவரை இந்த வாரமே அழைத்து, அப்பப்பாவின் அக்கா தங்கைமார் யார், எங்கே கலியாணம் முடித்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள்.