மூலக்கோப்பைக் காணோமா? ஜிடிபிக்குத் தேடக் கற்றுக்கொடுங்கள்

மைசூரு ஹெப்பாள் பக்கம் மென்பொருள் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு இது கட்டாயம் உதவும். வேறொரு கணினியில் உருவான நிரலில் பிழை தேடும்போது, மூலக்கோப்பே இல்லை என்று ஜிடிபி (GDB) என்னும் பிழைத்திருத்தி கைவிரிக்கும். பெரும்பாலும், நிரல் உருவான கணினியின் பாதைதான் உள்ளே பதிந்திருக்கும். நிரல் நின்ற இடத்தில் 'இன்ஃபோ சோர்ஸ்' கொடுத்தால் அந்தப் பாதை தெரியும். அடைவு மட்டும் மாறியிருந்தால் 'செட் சப்ஸ்டிட்யூட்-பாத் /பில்ட் /ஹோம்/நிரல்' என்பதுபோல் பழையதை முன்னும் புதியதைப் பின்னும் எழுதுங்கள், தீர்ந்தது.

கோப்புகள் பல இடங்களில் சிதறிக் கிடந்தால் பைத்தான் ஸ்கிரிப்ட் நல்ல வழி. 2009-இல் வந்த 7.0 பதிப்பிலிருந்தே ஜிடிபி பைத்தானை ஏற்கிறது. கோப்பின் பெயரை வைத்து அடைவுகளைத் துழாவி, கிடைத்த அடைவை 'டைரக்டரி' கட்டளையால் சேர்க்கச் சொல்லுங்கள். ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருந்தால் கவனம்: தவறானது திறந்தால் வரி எண்கள் பொருந்தாது. ஸ்கிரிப்டை அழைக்கும் வரியை .ஜிடிபிஇனிட் கோப்பில் சேர்த்துவிடுங்கள். ஜிடிபி தொடங்கும்போதெல்லாம் தானாக ஓடும்.