பாத்ரூம் கறையும் கொஞ்சம் கெமிஸ்ட்ரியும்

(இரண்டாமாண்டு சிவில் மாணவன்)

தலைப்பைப் பார்த்ததுமே மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டாம் நண்பர்களே! ராக்கெட், ரோபோ என்று ஆண்டு மலருக்கு எழுத நிறைய பேர் இருக்கிறார்கள. நான் எழுதுவது, தினமும் காலையில் வாளியும் கையுமாக க்யூ நிற்கிறோமே, அந்த விடுதி பாத்ரூமைப் பற்றி. குழாய்க் கழுத்தில் சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளை. பேனில் மேலிருந்து கீழே செம்பழுப்புக் கோடு. வாளியைத் தடவினால் சொரசொரப்பு. "பழைய பில்டிங்டா, அப்படித்தான் இருக்கும்" என்று சீனியர்கள் சொல்லிவிடுவார்கள். அது சரியில்லை. நாங்கள் நான்கு பேர் ஆளுக்கு ஐம்பது ரூபாய் போட்டு, ஒரு சனி ஞாயிறில் எங்கள் வரிசை பாத்ரூம் இரண்டை ஆள் பார்க்கிற மாதிரி ஆக்கினோம். இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் கறை எது என்று தெரிய வேண்டும். முதலாமாண்டு கெமிஸ்ட்ரி லேப்பில் இ.டி.டி.ஏ. டைட்ரேஷன் செய்தோமே, ஒயின் சிவப்பு எஃகு நீலமாக மாறும் வரை சொட்டுச் சொட்டாக விட்டோமே, அந்தக் கடின நீர்தான் இங்கே வில்லன். போர் தண்ணீரில் கால்சியம் பைகார்பனேட் கரைந்திருக்கும். தண்ணீர் காயக் காய, கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, கால்சியம் கார்பனேட் படிந்துவிடும். அதுதான் வெள்ளைக் கறை. குடிநீருக்கான இந்தியத் தரநிலையில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது. வேறு தண்ணீர் இல்லையென்றால் 600 வரை போகலாம்.

செம்பழுப்பு வேறு சங்கதி. அது இரும்பு. போரிலிருந்து வரும்போது கண்ணாடி மாதிரி தெளிவாகத்தான் இருக்கும். காற்று பட்டதும் ஆக்சிஜன் ஏறி, துருவாகப் படியும்.

சரி, தேய்க்க ஆரம்பிக்கலாமா? இருங்கள். முதல் வேலை வாஷர் மாற்றுவது! நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகுகிற குழாயில், ஒரு சொட்டு 0.05 மில்லி என்று வைத்தால், ஒரு நாளில் 4.3 லிட்டர் போகிறது. தண்ணீர் 600 அளவில் இருந்தால் அதில் இரண்டரை கிராமுக்கு மேல் உப்பு. அத்தனையும் படியாதுதான். ஆனாலும் ஒழுகலை நிறுத்தாமல் கறையைத் தேய்ப்பது ஓட்டை வாளியில் தண்ணீர் பிடிக்கிற கதை. வாஷர் விலை சில ரூபாய்தான். ஸ்பேனர் ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் கொடுப்பார்கள்.

வெள்ளைக் கறைக்கு அமிலம் வேண்டும். எந்த அமிலம், எவ்வளவு? இங்கேதான் மோல் கணக்கு உதவுகிறது. 100 கிராம் கால்சியம் கார்பனேட்டைக் கரைக்க 73 கிராம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டும். அசெட்டிக் அமிலம் என்றால் 120 கிராம். கடை வினிகரில் அது 5 சதவீதம் அளவுதான் என்பதால், கிட்டத்தட்ட இரண்டரை லிட்டர் வினிகர்! கேட்க பயமாக இருக்கும். ஆனால் ஒரு குழாயில் ஒட்டியிருப்பது ஐந்து கிராம் இருந்தால் அதிகம். அதற்கு 120 மில்லி போதுமே. வினிகரைச் சின்ன பிளாஸ்டிக் கவரில் ஊற்றி, குழாய் வாய் அதில் முங்குகிற மாதிரி ரப்பர் பேண்டால் கட்டி, அரை மணி நேரம் விடுங்கள். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து நன்றாகக் கழுவுங்கள். ராத்திரி முழுக்க விட்டால் குரோம் பூச்சு மங்கும். பூச்சு ஏற்கெனவே உரிந்து பித்தளை தெரிகிற குழாய் என்றால் புளியும் உப்பும் போதும், பாட்டி சொம்பு தேய்த்த அதே முறை.

பேனுக்கு வினிகர் கட்டுப்படியாகாது. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று சிட்ரிக் ஆசிட் கிடைக்கும். அரை லிட்டர் வெந்நீரில் 100 கிராம் கரைத்துக்கொண்டோம். பேனில் நிற்கிற தண்ணீரை முதலில் தள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் கரைசல் நீர்த்துப்போகும். சரிவில் ஊற்றினால் ஓடிவிடுகிறதே? அதற்குப் பழைய நியூஸ்பேப்பரைக் கரைசலில் நனைத்து கறை மேல் ஒட்டிவிட்டோம். சனிக்கிழமை பாதி ஹாஸ்டல் ஊருக்குப் போய்விடும், அதனால் யாரும் சண்டைக்கு வரவில்லை. காலையில் பேப்பரை எடுத்தபோது பாதிக் கறை பேப்பரோடு வந்தது. மீதியைத் தேங்காய் நாரால் தேய்த்தோம். கம்பி பிரஷ், மணல், செங்கல் பொடி வேண்டவே வேண்டாம். பேனின் மேல் இருக்கிற பளபளப்பு ஒரு மெல்லிய கண்ணாடிப் பூச்சு. அது கீறினால் அழுக்குக்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி.

துருவுக்கும் இதே கரைசலை இன்னொரு ராத்திரி போட வேண்டியிருந்தது. ஆக்சாலிக் ஆசிட் சீக்கிரம் வேலை செய்யும், ஆனால் அது விஷம், கையுறை கட்டாயம். அதைப் போடுவதற்கு முன் வெள்ளைப் படிவத்தை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் அது கால்சியத்தோடு சேர்ந்து கரையாத புது வெள்ளையாகிவிடும். துருவின் மேல் பிளீச்சிங் பவுடர் போடுகிறவர்கள் உண்டு. துரு போகாது, இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

"இதுக்கெல்லாம் எதுக்கு இவ்வளவு? ஒரு பாட்டில் ஆசிட் ஊத்து" என்பீர்கள். ஊற்றலாம், பேன் தாங்கும். ஆனால் டைல்ஸ் இடுக்கில் உள்ள சிமெண்ட் தாங்காது. மொசைக் தரையில் இருக்கிற மார்பிள் சில்லும் கால்சியம் கார்பனேட்தான், கறையோடு தரையும் கரையும்! 2013-ல் உச்ச நீதிமன்றம், அடையாள அட்டை பார்த்து, பதிவேட்டில் எழுதித்தான் ஆசிட் விற்க வேண்டும், 18 வயது ஆகாதவருக்கு விற்கவே கூடாது என்று உத்தரவு போட்டது. தெருவில் கேன் வைத்து விற்கிறவரிடம் எந்தப் பதிவேடும் இல்லை. பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பார். எத்தனை சதவீதம் என்று அவருக்கே தெரியாது.

இப்போது அந்த இன்னொரு காரணம். என் அம்மா ஓர் அலுவலகக் கட்டடத்தில் பாத்ரூம் கழுவும் வேலை பார்க்கிறார். போன வருஷம் கறை போகவில்லை என்று மேஸ்திரி சத்தம் போட, அம்மா பேனில் பிளீச்சிங் பவுடரைத் தூவி, அதன் மேலேயே ஆசிட்டையும் ஊற்றியிருக்கிறார். இரண்டும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு. 1915-ல் உலகப் போரில் சிப்பாய்கள் மேல் விட்டார்களே, அதே வாயு. அதன் மூலக்கூறு எடை 71, காற்றுக்கு 29. ஆகையால் அது மேலே போகாது, தரையோடு தங்கும். குனிந்து உட்கார்ந்து தேய்க்கிறவர் முகம் எங்கே இருக்கும், நீங்களே பாருங்கள். அம்மா எப்படியோ கதவைத் தள்ளி வெளியே வந்து விழுந்திருக்கிறார். இரண்டு நாள் இருமல், மூச்சு இழுப்பு. அந்த இரண்டு பாட்டிலிலும் லேபிள் இல்லை. இருந்திருந்தாலும் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது.

நான் ரெக்கார்டு நோட்டில் அந்தச் சமன்பாட்டை மார்க்குக்காக எழுதியவன்தான். வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

எனவே: ஆசிட்டும் பிளீச்சும் ஒரே நாளில் ஒரே பேனில் வேண்டாம். வினிகர், சிட்ரிக் ஆசிட்டும் இதில் சேர்த்திதான். கதவு, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ஆசிட்டைக் கலக்கினால் தண்ணீரில் ஆசிட்டை ஊற்றணும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. தெறித்தால் கால் மணி நேரமாவது தண்ணீரில் கழுவ வேண்டும். குளோரின் நெடி வந்தால் போட்டது போட்டபடி வெளியே ஓடுங்கள். மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழித்தும் வரும், அதனால் டாக்டரிடம் காட்டுங்கள்.

அம்மாவிடம் இதையெல்லாம் லெக்சர் அடிக்கவில்லை. ஆசிட் பாட்டில் கழுத்தில் ஒரு சிவப்புத் துணியும், பிளீச்சிங் பவுடர் டப்பாவில் ஒரு வெள்ளைத் துணியும் கட்டிக் கொடுத்தேன். "சிவப்பு ஒரு நாள், வெள்ளை மறுநாள்மா" என்றேன். கூட வேலை செய்கிற அக்காக்களும் இப்போது அப்படியே கட்டி வைத்திருக்கிறார்களாம்.