ரகசியப் பேச்சு வெளியானால் பதவி யாருக்குப் போகும்? – முக்கியக் குறிப்புகள்

பகுதி: பன்னாட்டு உறவுகள் (முதன்மைத் தேர்வு, நேர்முகத் தேர்வு)

● இந்தத் தலைப்பில் ஆண்டுகளை மட்டும் உருப்போட்டால் ஒரு மதிப்பெண் வினாவுக்குத்தான் உதவும். ஒவ்வொரு நிகழ்விலும் பேசியவர் யார், எப்படி வெளியானது, அந்த நேரத்தில் இரு நாடுகளுக்கும் நடுவே என்ன நடந்துகொண்டிருந்தது என்று பாருங்கள். ஒரு விஷயம் தெளிவாகும்: வாய் தவறிய தலைவர்கள் பெரும்பாலும் தப்பிவிடுகிறார்கள், உண்மையை எழுதி அனுப்பிய தூதர்கள் ஊர் திரும்புகிறார்கள்.

சட்ட அடிப்படை

● தூதரக உறவுகள் குறித்த வியன்னா உடன்படிக்கை: 18 ஏப்ரல் 1961இல் கையெழுத்து, 24 ஏப்ரல் 1964இல் நடைமுறை. இந்தியா இணைந்தது 1965.

● பிரிவு 9: எந்தத் தூதரையும் காரணம் சொல்லாமலே ‘ஏற்கத்தகாதவர்’ என்று அறிவிக்கலாம். பிரிவு 24: தூதரக ஆவணங்கள் எங்கிருந்தாலும் பிறர் கைவைக்கக் கூடாதவை. பிரிவு 27: அலுவல் கடிதப் போக்குவரத்துக்குப் பாதுகாப்பு. பிரிவு 41: உள்நாட்டு விவகாரத்தில் தலையிடக் கூடாது.

● மைக் அணைந்துவிட்டதாக நினைத்துப் பேசும் தலைவருக்கு இந்த உடன்படிக்கையில் எந்தக் கவசமும் கிடையாது.

டி லோம் கடிதம், 1898

● வாஷிங்டனில் ஸ்பெயினின் தூதராக இருந்த என்ரிக்கே டுபுய் டி லோம், ஹவானா சென்றிருந்த நண்பர் கனலேஹாஸுக்கு எழுதிய தனிக்கடிதம். கியூபக் கிளர்ச்சியாளர்கள் கைக்குப் போய், 9 பிப்ரவரி 1898 அன்று ஹர்ஸ்டின் ‘நியூயார்க் ஜர்னல்’ இதழில் வெளியானது.

● அதிபர் மெக்கின்லி பலவீனமானவர், கூட்டத்தின் கைதட்டலுக்கு ஏங்குபவர் என்ற வரிகளைத்தான் எல்லோரும் குறிப்பில் எழுதுவார்கள். கடிதத்தின் பின்பகுதி இதைவிட மோசம்: வர்த்தகப் பேச்சுவார்த்தையில் ஸ்பெயின் உண்மையான அக்கறையோடு இல்லை என்பது அதில் தெரிந்துபோனது.

● டி லோம் உடனே பதவி விலகினார். ஸ்பெயின் வருத்தம் தெரிவித்தது. 6 நாளில், 15 பிப்ரவரி அன்று, ஹவானா துறைமுகத்தில் அமெரிக்காவின் ‘மெய்ன்’ போர்க்கப்பல் வெடித்து 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஏப்ரலில் போர். கடிதமே போரைத் தொடக்கியது என்று எழுத வேண்டாம்; ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்த அமெரிக்கப் பொதுக்கருத்தை அது இன்னும் கிளறிவிட்டது என்பதே சரி.

நிக்சன் ஒலிநாடாக்கள்: 1971இல் பேசியது, 2005இல் கேட்டது

● இந்தியத் தேர்வர் ஒரே ஒரு நிகழ்வைத்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள்.

● பின்னணி: கிழக்குப் பாகிஸ்தான் அகதிகள் இந்தியாவுக்குள் குவிந்துகொண்டிருந்தார்கள். 9 ஆகஸ்ட் 1971இல் இந்திய–சோவியத் ஒப்பந்தம் கையெழுத்தானது. பாகிஸ்தான் வழியாகச் சீனாவுடன் உறவுக்குக் கதவு திறந்துகொண்டிருந்த அமெரிக்கா, பாகிஸ்தான் அதிபர் யாஹ்யா கானைக் கைவிடத் தயாராக இல்லை.

● 4 நவம்பர் 1971 அன்று இந்திரா காந்தி வெள்ளை மாளிகையில் நிக்சனைச் சந்தித்தார். மறுநாள் காலை நிக்சனும் அவருடைய பாதுகாப்பு ஆலோசகர் கிஸ்ஸிஞ்சரும் அந்தச் சந்திப்பைப் பற்றித் தனியாகப் பேசிக்கொண்டார்கள். நிக்சன் இந்திராவைக் கிழட்டுச் சூனியக்காரி என்றார். கிஸ்ஸிஞ்சரோ இந்தியர்கள் அனைவரையும் சேர்த்து வசைச்சொல்லால் திட்டினார். நிக்சன் தன் அறையில் தானே வைத்த ரகசிய ஒலிப்பதிவுக் கருவி அத்தனையையும் பதிந்துகொண்டது.

● அமெரிக்க வெளியுறவுத் துறை இந்த ஆவணங்களை வெளியிட்டது ஜூன் 2005இல். கிஸ்ஸிஞ்சர் வருத்தம் தெரிவித்தார். அடுத்த மாதமே, 18 ஜூலை 2005 அன்று, மன்மோகன் சிங்கும் புஷ்ஷும் வாஷிங்டனில் அணுசக்தி ஒத்துழைப்புக் கூட்டறிக்கை வெளியிட்டார்கள். இதே ஒலிநாடா 1971 டிசம்பரில் வெளியே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு வரி எழுதினால், திருத்துபவர் நிமிர்ந்து உட்காருவார்.

விக்கிலீக்ஸ், 2010–11

● 28 நவம்பர் 2010 முதல் வெளியீடு, மொத்தம் 2.5 லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கத் தூதரகத் தகவல்கள்.

● மெக்ஸிகோ: போதைப்பொருள் கும்பல்களோடு மோத ராணுவம் தயங்குகிறது என்று எழுதிய தூதர் கார்லோஸ் பாஸ்குவல் மீது அதிபர் கால்டெரோனுக்குக் கடும் கோபம்; மார்ச் 2011இல் பாஸ்குவல் விலகினார். ஈக்வடார்: காவல்துறைத் தலைமையின் ஊழல் பற்றி எழுதிய ஹெதர் ஹாட்ஜஸ் ஏப்ரல் 2011இல் வெளியேற்றப்பட்டார், பதிலுக்கு ஈக்வடார் தூதரை அமெரிக்கா வெளியேற்றியது. பிரிவு 9க்கு இதுவே கைவசம் இருக்க வேண்டிய எடுத்துக்காட்டு.

● இந்தியா: மார்ச் 2011இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ‘தி இந்து’ இந்தியா தொடர்பான தகவல்களை வெளியிட்டது. 2008 ஜூலை நம்பிக்கை வாக்கெடுப்பில் பணம் கைமாறியதாக வந்த செய்தியால் நாடாளுமன்றம் அமளியானது. பிரதமர் அவையில் விளக்கம் தர வேண்டியிருந்தது. அமெரிக்காவோடு பிணக்கு வரவில்லை. அடி முழுக்க உள்நாட்டு அரசியலில்தான் விழுந்தது.

கிம் டாரக், ஜூலை 2019

● வாஷிங்டனில் பிரிட்டன் தூதர். டிரம்ப் நிர்வாகம் திறமையற்றது என்ற அவருடைய ரகசிய அறிக்கைகளை ‘மெயில் ஆன் சண்டே’ வெளியிட்டது. இனி அவரோடு பேச மாட்டோம் என்றார் டிரம்ப். பிரதமர் தெரசா மே தூதரை ஆதரித்தார். அடுத்த பிரதமராகக் காத்திருந்த போரிஸ் ஜான்சன் தொலைக்காட்சி விவாதத்தில் அவரை ஆதரிப்பதாகச் சொல்ல மறுத்தார். மறுநாள், ஜூலை 10 அன்று, டாரக் விலகினார். தூதரை வீழ்த்தியதில் கசிவுக்குப் பாதிப் பங்கு என்றால், அந்த மௌனத்துக்கு மறுபாதி.

நூலண்ட்–பயாட் தொலைபேசி, பிப்ரவரி 2014

● அமெரிக்க உதவிச் செயலர் விக்டோரியா நூலண்ட், உக்ரைனுக்கான தூதர் பயாட்டுடன் பேசிய பதிவு யூடியூபில் ஏறியது. ஐரோப்பிய ஒன்றியத்தைப் பற்றிய கெட்ட வார்த்தைக்காக மெர்கல் கண்டித்தார். நூலண்ட் மன்னிப்புக் கேட்டார்.

● தேர்வுக்கு முக்கியம் கெட்ட வார்த்தை அல்ல. உக்ரைன் அரசில் யார் இருக்க வேண்டும் என்று இருவரும் அலசியதும், அதில் அவர்கள் விரும்பிய யாட்சென்யுக் அதே மாதம் பிரதமரானதும்தான். தலையீடு என்ற ரஷ்யாவின் குற்றச்சாட்டுக்கு இது தீனி. நூலண்டுக்குப் பதவி போகவில்லை. தலைவராக இல்லாமலே, வாய் தவறியும் தப்பியவர் இவர்.

மைக் சம்பவங்கள் (சுருக்கமாக)

● 11 ஆகஸ்ட் 1984: ரீகன், வானொலி உரைக்கு முந்தைய ஒலிச்சோதனையில், ரஷ்யா மீது 5 நிமிடத்தில் குண்டுவீச்சு என்று ‘ஜோக்’. சோவியத் கண்டனம்.

● நவம்பர் 2011, கான் ஜி20: மொழிபெயர்ப்புக் கருவிகளை முன்கூட்டியே கொடுத்துவிட்டார்கள். நெதன்யாகுவைப் பொய்யர் என்று சர்கோசி ஒபாமாவிடம் சொன்னது சில செய்தியாளர்களின் காதில் விழுந்தது.

● மே 2016: நைஜீரியாவும் ஆப்கானிஸ்தானும் ஊழல் மலிந்தவை என்று பிரிட்டன் அரசியிடம் பிரதமர் கேமரூன் சொன்னது கேமராவில் பதிவானது. ஊழல் ஒழிப்பு மாநாட்டுக்கு அவரே அழைத்திருந்த விருந்தாளி நாடுகள்! மன்னிப்புக் கேட்கச் சொல்ல மாட்டேன், களவுபோன சொத்தைத் திருப்பித் தந்தால் போதும் என்றார் நைஜீரிய அதிபர் புகாரி.

குழப்பிக்கொள்ளும் இடங்கள்

● எம்ஸ் தந்தி (1870) கசிவு அல்ல. பிரஷ்யப் பிரதமர் பிஸ்மார்க் தானே வெட்டிச் சுருக்கி வெளியிட்டது.

● சிம்மர்மன் தந்தியை (1917) பிரிட்டன் இடைமறித்தது. போலி என்று மறுக்க வாய்ப்பிருந்தும், அது தன்னுடையதே என்று ஜெர்மன் வெளியுறவுச் செயலர் சிம்மர்மனே ஒப்புக்கொண்டார்.