ஈதலும் ஏற்றலும்

உயர்தர வகுப்பு மாணவனொருவன் தன் செயற்றிட்டக் குறிப்பை மொழி திருத்தித் தருமாறு கேட்டான். 'ஒழுங்காக்கியின் ஓட்டம் மூழ்கும் எல்லை' என்றொரு தொடர் அதில் இருந்தது. மூழ்குவது யாது என வினவினேன். அவனுக்குத் தெரியவில்லை. இரண்டு நுண்கட்டுப்படுத்திகள் எரிந்துபோனதை மட்டும் சொன்னான். கடைக்காரரே பழுதானவற்றை விற்றார் என்பது அவன் முடிபு.

சொல் பிழைத்ததால் பொருளும் மறைந்தது. வெளியே ஓட்டத்தைத் தருதலை 'ஈதல்' என்போம். வெளியிலிருந்து வருவதை வாங்கிப் புவிமுனைக்கு விடுதலை 'ஏற்றல்' என்போம்.

அவன் கையாண்டது 7805 என்னும் நேரியல் ஒழுங்காக்கி. அது 5 வோல்ற்றில் 1 அம்பியர் வரை ஈயும். ஏற்கும் ஆற்றலோ அதற்கு இல்லையென்றே கொள்க. உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் நடுவே நிற்கும் திரான்சிற்றர் வாய்க்கால் மதகை ஒத்தது. வயலில் நீர் குறைந்தால் திறக்கும், நிறைந்தால் மூடும். அயல் வயலின் நீர் வரம்புடைத்து வந்தால் மூடிய மதகு யாது செய்யும்? வடிகால் அங்கில்லை.

அவன் சுற்றிலே 12 வோல்ற்றுச் சைகையொன்று, 220 ஓம் தடையியும் காப்பு இருவாயியும் வழியாக 5 வோல்ற்றுத் தடத்திற் புகுந்தது. இருவாயியில் 0.7 வோல்ற்று இழக்கப்படும். எஞ்சும் 6.3 வோல்ற்றை 220ஆல் வகுக்க, ஏறத்தாழ 29 மில்லியம்பியர். சுற்று உண்பதோ 10 மட்டுமே. மிகுதிக்குப் போக்கிடமின்மையால் தடத்தின் அழுத்தம் உயரும். அச்சுற்றை 500 ஓம் சுமையாகக் கருதினால், அது 7.8 வோல்ற்றளவில் நிற்கும். அற்மெகா 328 தாங்கும் உச்சம் 6 வோல்ற்று. கடைக்காரர் குற்றமற்றவர்!

முதற்கண் செய்யத்தக்கது, 220 ஓமை நீக்கி 10,000 ஓம் இடுதல். புகும் ஓட்டம் 0.63 மில்லியம்பியராகச் சுருங்கும். சுற்று அதனை எளிதில் உண்டுவிடும். எனினும் நுண்கட்டுப்படுத்தியை உறக்க நிலையில் விடுவோர் விழிப்பாயிருத்தல் வேண்டும். அப்போது அது சில மைக்குரோ அம்பியரே உண்ணுமாதலின், இச்சிறு ஓட்டமும் மிகையாகிவிடும். தடத்துக்கும் புவிமுனைக்கும் இடையே 4,700 ஓம் தடையியொன்றை இட்டால் 1 மில்லியம்பியருக்குச் சற்று மேலாக வடியும். மிகுதி பெரிதாயின் தடையி வீணே சூடேறும். அவ்விடத்து 100 மில்லியம்பியர் வரை ஏற்கவல்ல ரீஎல் 431 போன்ற பக்கவழி ஒழுங்காக்கியே தக்கது.