மாமரம் வரையத் தெரிந்தால் போதுமா?

கேள்வி: என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். எந்நேரமும் படம்தான் வரைகிறாள். வீடியோ கேமுக்கு வரையும் வேலைக்குப் போவேன் என்கிறாள். அது என்ன வேலை? வரையத் தெரிந்தால் போதுமா?
– ஒரு வாசகி, முதலமடை

பதில்: போதாது. ஆனால் தொடக்கம் அதுதான்.

சினிமாவில் கேமரா காட்டுவதை மட்டும் பார்க்கிறோம். கேமில் ஆடுபவர் தன் இஷ்டத்துக்குத் திரும்புவார், போவார். எந்த வழி போகலாம், எதை எடுக்கலாம், எங்கே ஆபத்து என்பதையெல்லாம் நிறத்தாலும் வெளிச்சத்தாலும் உருவத்தாலும் அவருக்கு உணர்த்த வேண்டும். கேம் ஆர்ட்டின் உயிர் அதில்தான் இருக்கிறது.

இது பலர் கைபடும் வேலை. கான்செப்ட் ஆர்ட்டிஸ்ட் ஆட்களையும் இடங்களையும் வரைந்து தருவார். மாடலர் அவற்றை முப்பரிமாணத்தில் செய்வார். நிறமும் சொரசொரப்பும் ஏற்றுவது டெக்ஸ்சர் வேலை. உருவத்துக்குள் எலும்புக்கூடு பொருத்துவது ரிக்கிங். அசைய வைப்பது அனிமேஷன். மெனு, பட்டன்களுக்குத் தனி ஆள்.

உங்கள் ஊர் மாந்தோப்பையே கேமில் கொண்டுவருவதாக வைத்துக்கொள்வோம். இலை இலையாகச் செய்தால் போன் திணறிவிடும். அதனால் ஒரு கொத்து இலையைத் தட்டையான ஒரே பரப்பில் வரைந்து, அதையே கிளைதோறும் செருகுவார்கள். ஆடுபவர் விலகிப் போகப் போக, அதே மரம் எளிய மாடலாக மாறும். வெகுதூரத்தில் வெறும் படமாகிவிடும். அந்த மாற்றம் கண்ணுக்குத் தெரியக் கூடாது.

மகளை ‘வெண்பா’ என்ற வீடியோ கேமை ஆடிப் பார்க்கச் சொல்லுங்கள். 1980களில் கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்தின் கதை. டொராண்டோவின் விசை கேம்ஸ் நிறுவனம் அதை 2023இல் வெளியிட்டது. 2024இல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருது பெற்றது. அதில் இட்லித் தட்டை ஆடுபவரே அடுக்க வேண்டும். இட்லியையே பார்த்திராத வெளிநாட்டவருக்கும் எது எதன்மேல் உட்காரும் என்று படம் பார்த்தே புரிய வேண்டும்.

மகள் பழக, முப்பரிமாணத்துக்கு பிளெண்டர், வரைய கிரிட்டா; இரண்டும் இலவச மென்பொருள்கள். முதலமடை ரயில் நிலையத்தையும் அங்குள்ள ஆலமரங்களையும் காலை வெயிலில் ஒருமுறை, மழையில் ஒருமுறை செய்து பார்க்கட்டும். முறையாகப் படிக்க, பெங்களூரு தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் (என்.ஐ.டி.) டிஜிட்டல் கேம் டிசைன் முதுநிலைப் படிப்பு இருக்கிறது. அதற்கு முன் ஏதாவதொரு பட்டம் வேண்டும். வேலைக்கு எடுப்பவர்கள் முதலில் கேட்பது போர்ட்ஃபோலியோவை, அதாவது செய்த படைப்புகளின் தொகுப்பை. அரைகுறையாக இருபது வைப்பதைவிட முழுதாக முடித்த நான்கு மேல்.

பிளெண்டரில் ஒரு பொருளையாவது அவள் முழுதாகச் செய்து முடிக்கும்வரை, எந்தப் பயிற்சி நிலையத்திலும் பெருந்தொகை கட்டிவிடாதீர்கள்.